மூன்றாம் வாரத்து வெயில்

1

ஐம்பத்தைந்து வயது முடிந்தால் இங்கே அரசாங்கம் நம் முகத்தை இன்னொரு முறை கேட்கும். அடையாள அட்டைக்குப் புதுப் படம் கொடுக்க வேண்டும். பழைய அட்டையில் இருக்கிற முகமும் இப்போது இருக்கிற முகமும் ஒரே ஆளுடையதுதானா என்று யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதாம். போன மாதம் கடிதம் வந்தது. படத்தை இணையத்தில் ஏற்றச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கத்தரி தெரியும், சீப்பு தெரியும். ஏற்றுவது இறக்குவது எல்லாம் மகன் அகிலன்தான். கடிதத்தைப் பார்த்துவிட்டு அவனே எழுந்து வந்தான்.

செம்பவாங்கில் இருக்கிற எங்கள் வீட்டில் வெள்ளைச் சுவர் ஒன்றுதான் காலியாக இருக்கிறது. அதில் என்னைச் சாத்தி நிறுத்தினான்.

"சிரிக்காதீங்கப்பா. சிரிச்சா ரிஜெக்ட் பண்ணிடும்."

"யாரு?"

"சிஸ்டம்."

"நான் சிரிச்சா அதுக்கென்னடா வயித்தெரிச்சல்?"

சிஸ்டம் இரண்டு முறை திருப்பி அனுப்பியது. முதல் தடவை நிழல் விழுகிறது என்றது. அடுத்த தடவை முகம் தெளிவாக இல்லை என்றது. சமையலறையிலிருந்து என் மனைவி வசந்தி, இந்த ஊர்க்காரர்கள் பேச்சில் ஒட்டுகிற 'லா'வோடு குரல் கொடுத்தாள்: "அது போட்டோவோட தப்பு இல்ல லா. ஒரிஜினலே அப்படித்தான்னு எழுதிப் போடு!"

மூன்றாம் முறை அகிலன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தை நிதானமாகப் பார்த்தான். தாடையை இப்படித் திருப்புங்க, அப்படித் திருப்புங்க என்றான். நானும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள். கொரோனா போய், ரயிலில் பேருந்தில் எல்லோரும் கழற்றிப் போட்டுவிட்ட பிறகும் அவன் மட்டும் கழற்றவில்லை. இடையில் இரண்டு வாரம் கழற்றினான். பிறகு மறுபடி போட்டுக்கொண்டான். நான் பெற்ற முகத்தை என் வீட்டுக்குள் நான் முழுதாகப் பார்த்துப் பத்து மாதம் ஆகிறது.

அந்த இரண்டு வாரம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

லிட்டில் இந்தியாவில் ஒரு பக்கத் தெருவில் முடி வெட்டுகிறேன். அறந்தாங்கியிலிருந்து இங்கே வந்து இருபத்தொன்பது வருடம். கத்தரி பிடிக்க யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. கூடத் தங்கியிருந்தவர்கள் தலையில்தான் கற்றேன். வசந்தி இந்த ஊரிலேயே பிறந்தவள். அவளுடைய அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவன் உள்ளூர்ப் பெண்ணைக் கட்ட வேண்டுமென்றால் முதலில் அரசாங்கத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். "மாமனார் சம்மதிச்சதுக்கு அப்புறம் மந்திரி சம்மதிக்கணும்" என்று கடையில் அப்போது கேலி செய்வார்கள்.

நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் சும்மா உட்காருவதில்லை. ஆளுக்கொரு வாக்கியத்தை விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். நல்லதாக இருந்தால் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன். பாரந்தூக்கி ஓட்டும் பரமக்குடிக்காரர் ஒருவர் சொன்னது: "அண்ணே, பொண்டாட்டிகிட்ட மறைக்கலாம், முதலாளிகிட்ட மறைக்கலாம். சவரம் பண்றவன்கிட்ட மூஞ்சிய மறைக்க முடியுமா?"

அதை வீட்டில் வந்து சொன்னபோது வசந்தி சிரிக்கவில்லை. "ஊரு மூஞ்சியெல்லாம் தடவித் தடவிப் பாக்குறீங்க. பெத்த புள்ள மூஞ்சிய எப்ப பாக்கப் போறீங்க?" என்றாள்.

அவள் கேட்டது நியாயம். பதினைந்து வயதில் அவனுக்குப் பரு வந்தது. எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டேன். பதினெட்டில் தேசிய சேவைக்குப் போனான். இங்கே பையன்கள் இரண்டு வருடம் படையில் இருந்தாக வேண்டும். காட்டுப் பயிற்சிக்கு முகத்தில் பச்சையும் கறுப்புமாகச் சாயம் பூசிக்கொள்வார்கள். அதன்மேல் தலைக்கவசத்து வார், அதன்மேல் வியர்வை. சனிக்கிழமை வீட்டுக்கு வரும்போது கன்னம் இரண்டும் பழுத்து நீர் கோத்திருக்கும். பருவத்தில் பன்றிக்குட்டியும் அழகு என்பார்கள். என் பிள்ளைக்கு அந்தப் பருவமே பருவாகப் போயிற்று. முடித்து வந்தபோது பரு அடங்கிவிட்டது, பள்ளம் தங்கிவிட்டது.

அவன் கண்ணாடி முன்னால் நின்றபோது நான் சொன்ன ஆறுதல் என்ன தெரியுமா? "ஆம்பளைக்கு எதுக்குடா மூஞ்சி?"

3

அந்த வாக்கியம் என்னுடையது இல்லை. அறந்தாங்கியில் என் அப்பாவைப் பார்த்து ஊர் சொன்னது.

அப்பாவுக்குச் சின்ன வயதில் பெரியம்மை போட்டிருந்தது. முகம் முழுக்கக் குழி. தபால்காரர்கூட "அம்மைத் தழும்பு ஆறுமுகம் வீடு எது" என்றுதான் விசாரிப்பார். எதிரே வைத்தே சொல்வார்கள். அவரும் ஏன் என்று கேட்கமாட்டார். கல்யாண வீடுகளில் படம் பிடிக்கிறவர் வந்தால் மட்டும் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். வேலை செய்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டோம்.

அவர் இறந்தபோது மாலை போட ஒரு படம் இல்லை. வீடு முழுக்கத் தேடினோம். ரேஷன் அட்டையில் குடும்பத்தோடு எடுத்த படத்தில் அவர் பாதி திரும்பியிருந்தார். அந்தப் பாதியைப் பெரிதாக்கித் தரச் சொன்னோம். முகமில்லாமல் சாம்பல்தான் வந்தது. கடைசியில் முருகன் படத்துக்கே மாலையைப் போட்டுவிட்டுக் கும்பிட்டோம். அன்றைக்குத்தான், ஆண் பிள்ளைக்கும் முகம் வேண்டும் என்று அவர் எத்தனை வருடம் நினைத்திருப்பார் என்பது எனக்கு உறைத்தது. உறைத்தும் என்ன? என் பிள்ளையிடம் அதே வாக்கியத்தைத்தான் சொன்னேன். கேட்ட சொல் வாயில் ஊறிக் கிடக்கும்போலிருக்கிறது.

4

அகிலன் கணினி வேலையில் இருக்கிறான். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. கூட்டம் நடக்கும்போது எல்லோருடைய முகமும் திரையில் தெரியும். இவன் கட்டத்தில் மட்டும் பெயரின் முதல் எழுத்து. சாப்பாட்டைத் தட்டில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவான். போன வருடம் ஒரு நாள் அவனே என்னிடம் கணினியைத் திருப்பிக் காட்டினான். வைத்தியங்களை எல்லாம் வரிசைப்படுத்தி அட்டவணை போட்டிருந்தான். எத்தனை தடவை போக வேண்டும், எத்தனை நாள் வெளியே தலைகாட்ட முடியாது, நம் நிறத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று கட்டம் கட்டமாக. பிள்ளை தன் முகத்தை இப்படி உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறானே என்று நினைத்துக்கொண்டே நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அவன் சொல்லச் சொல்ல நான் என் பாஷையில் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஊரில் இதற்காக அலைகிறவர்கள் இருந்தால் உதவும்.

பள்ளத்தில் முதலில் வகை இருக்கிறது. ஊசி குத்தினாற்போல் ஒடுங்கி ஆழமாக இறங்குவது ஒன்று. கரை செங்குத்தாக, பெட்டி போல் இருப்பது ஒன்று. மெத்தையில் தையல் இழுத்த மாதிரி அலை அலையாக உள்வாங்குவது ஒன்று. ஒன்றுக்குக் கேட்கிற மருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. அகிலனுக்கு மூன்றும் கலந்து இருந்தது.

நுண்ணூசி என்று ஒன்று. நுனியில் பொடி ஊசிகள் வைத்த கருவியால் தோலைக் குத்திக்கொண்டே போவார்கள். காயம் ஆறும்போது உள்ளே புதுச்சதை கட்டும் என்பது கணக்கு. நம் நிறத்துக்கு அதிகம் பயமில்லை. ஆனால் பொறுமை வேண்டும். நாலைந்து தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி. அதே ஊசி வழியாகச் சூட்டையும் உள்ளே இறக்குவது அடுத்த படி. மெத்தைப் பள்ளத்துக்கு, ஊசியைத் தோலுக்கு அடியில் படுக்கவாட்டில் விட்டு, கீழே இழுத்துப் பிடித்திருக்கும் நாரை அறுத்து விடுகிறார்கள். அடிபட்டவன் மாதிரி ஒரு வாரம் கன்றிக் கிடக்கும். ஒடுங்கிய குழிக்குக் குச்சி நுனியில் அமிலத்தைத் தொட்டு ஒவ்வொன்றாகப் பொட்டு வைப்பது ஒரு முறை. அடியில் ஒன்றை நிரப்பி மேடாக்குவது இன்னொன்று. அது நாள்பட்டால் கரைந்துவிடும், மறுபடி போக வேண்டும்.

லேசர் என்பது கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாகச் சுட்டு, தோலைப் புதுசாக வளர விடுவது. குறைந்த தடவையில் நிறைய மாற்றம் தெரியும். அவனோடு படையில் இருந்த சீன நண்பனுக்கு அதில்தான் சரியாயிற்று. ஆனால் அட்டவணையில் கடைசிக் கட்டத்தில் அதற்கு மட்டும் சிவப்பு அடித்திருந்தான். கறுத்த தோலில் சூடு பட்ட இடம் இன்னும் கறுக்கலாம்.

"எதுவுமே முழுசா போக்காதுப்பா. குறையும், அவ்ளோதான்" என்றான்.

"குறைஞ்சா போதாதா?"

"போதும்" என்றான்.

5

சிகிச்சை நிலையத்தில் முன் மேசைப் பெண் ஆங்கிலத்தில், இது மருத்துவத்துக்கா அழகுக்கா என்று கேட்டாள். நான் "என் மகனுக்கு" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழகுக்கு என்ற கட்டத்தில் குறியிட்டாள். நாலு வருடமாகப் பிள்ளை எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை, அதற்கு எந்தக் கட்டம் என்று கேட்க எனக்கு ஆங்கிலம் போதவில்லை.

டாக்டர் தமிழ் அம்மா. அதனால் பாஷை புரியவில்லை என்று நான் சாக்குச் சொல்ல வழியில்லை. முதலில் நாரை அறுத்தார், நுண்ணூசி இரண்டு தடவை செய்தார். கொஞ்சம் மேடேறியது. பெட்டிக் குழிகள் மட்டும் அப்படியே நின்றன. லேசர் வேண்டுமென்று அகிலன் கேட்டான். காதோரம் சின்ன இடத்தில் முதலில் செய்து பார்த்து, கறுக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் ஒப்புக்கொண்டார். முடிந்த அன்று என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"அப்பா, நீங்களும் கேட்டுக்குங்க. ஆறு வாரம் மூஞ்சில வெயில் படக்கூடாது. வெளிய போனா கண்டிப்பா சன்ஸ்கிரீன், தொப்பி, குடை. நம்ம தோலு சீக்கிரம் கோவிச்சுக்கும். வெயில் பட்டா கறுத்துடும், அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

"சரிங்கம்மா" என்றேன்.

முதல் வாரம் முகம் உப்புத்தாள் போலிருந்தது. இரண்டாம் வாரம் உரிந்தது. அதற்கடுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறைக் கதவு திறந்தது. அகிலன் முகக்கவசம் இல்லாமல் வந்து மேசையில் உட்கார்ந்து, "அம்மா, ரசம் இருக்கா?" என்றான்.

வசந்தி கரண்டியோடு நின்றுவிட்டாள். பள்ளம் இருந்தது, ஆனால் ஆழம் போயிருந்தது. பிள்ளையின் கன்னம் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க அவன் எங்களோடுதான் சாப்பிட்டான். கடையில் எல்லோருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். "அண்ணனுக்குப் பேரன் பொறந்திருக்கு போல" என்று பரமக்குடிக்காரர் சொன்னார்.

நான் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவன் முகமூடியைக் கழற்றி எங்களோடு ஒரு வாய் சாப்பிட்டால், அடுத்த தைப்பூசத்துக்கு அவன் கையாலேயே பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தேன். தைப்பூசத்துக்கு நாலு நாள்தான் இருந்தது. லேசர் செய்து மூன்றாவது வாரம்.

மேசையில் வைத்துச் சொன்னேன். வசந்தி உடனே, "டாக்டர் வெயில்ல போகக்கூடாதுன்னாங்களே?" என்றாள்.

"மூணு வாரம்னாங்க. அது முடியுது."

"பங்குனி உத்திரத்துக்கு எடுத்துக்கலாமே லா. அதே முருகன்தானே?"

"தைப்பூசம்னு சொல்லி வேண்டிட்டேன். குடுத்தவரு திருப்பி எடுத்துக்கிட்டா?"

அகிலன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அவனுடைய தமிழ், பள்ளிப் பாடத்தோடு நின்றுபோனது. கோயிலுக்கு வந்தே வருடங்கள் ஆகின்றன. மாட்டேன் என்பான் என்று நினைத்தேன்.

"எத்தனை மணிக்குப்பா?" என்றான்.

6

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் போனோம். அதிகாலையிலேயே வந்திருக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். ஏழு மணிக்கே வரிசை வளைந்து வளைந்து நின்றது. மஞ்சள் வேட்டியும் துண்டுமாக அகிலன் நின்றான். குடத்தைத் தலையில் வைக்கப் போகிற நேரம், அவன் முகத்தில் வெள்ளையாக ஏதோ மினுங்குவதைப் பார்த்தேன்.

"என்னடா இது?"

"சன்ஸ்கிரீன்பா."

"விரதம் இருந்து குளிச்சிட்டு வந்திருக்க. சாமி முன்னாடி மூஞ்சில கிரீமா? அதுல என்னென்ன கொழுப்பு கலந்திருக்கோ. கழுவிட்டுத் திருநீறு பூசுடா."

தண்ணீர்ப் போத்தலை நானே சாய்த்தேன். அவன் குனிந்து இரண்டு கையிலும் வாங்கி முகத்தைக் கழுவினான். நானே நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். இந்தத் தப்பை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். செய்வதற்கு நம்மைப்போல் ஓர் அப்பன்தான் வேண்டும்.

வரிசை நகரவே இல்லை. ஒரு கோயிலில் குடத்தை எடுத்து இன்னொரு கோயில்வரை நடந்து முடிப்பதற்குள் உச்சிவேளை நெருங்கிவிட்டது. தலையில் குடம், அதைப் பிடிக்க இரண்டு கையும் மேலே. முகத்துக்கு நிழல் பிடிக்க அவனுக்குக் கையில்லை. நான் பக்கத்திலேயே நடந்தேன். துண்டை விரித்துப் பிடித்திருக்கலாம். அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை. நான் அழுதுகொண்டே நடந்தேன், சந்தோஷத்தில். பதறாத காரியம் சிதறாது என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

பத்து நாளில் கறுத்தது. சும்மா கறுப்பாகக்கூட இல்லை. லேசர் பட்ட புள்ளியெல்லாம் வரிசை பிசகாமல், கொசுவலையை நனைத்து முகத்தில் ஒட்டினாற்போல் இரண்டு கன்னத்திலும் கட்டம் கட்டமாக எழுந்தது. பதினோராம் நாள் காலையில் முகக்கவசத்தோடு அறையிலிருந்து வந்தான். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

7

டாக்டரம்மா விளக்கைப் போட்டுக் கன்னத்தைப் பார்த்தார்.

"வெயில்ல நின்னீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அகிலன் சொன்னான்: "அவுட்டோர்ல ஒரு வேலை வந்துடுச்சு டாக்டர். என் மிஸ்டேக்தான்."

இது மெதுவாகத்தான் போகும், ஒரு வருடம் ஆகலாம், கூடவும் ஆகலாம் என்றார். அதுவரை ஊசியும் இல்லை, லேசரும் இல்லை. களிம்பு எழுதிக் கொடுத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"ஏன்டா அந்தம்மாகிட்ட வேலைன்னு சொன்ன?"

"கோயிலுக்குப் போனேன்னா, யாரு போகச் சொன்னான்னு கேப்பாங்க."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அகிலா, அன்னிக்கு அம்மாகிட்ட மூணு வாரம்னு சொன்னேன்ல. அந்தம்மா ஆறு வாரம்னுதான் சொன்னாங்க. எனக்கு நல்லாவே கேட்டுச்சுடா."

"தெரியும்பா."

"எப்படித் தெரியும்?"

"அந்த ரூம்ல நானும்தானே உக்காந்திருந்தேன். ட்ரீட்மெண்ட் எனக்குத்தானே?"

எங்கள் பேருந்து வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. கதவு திறந்து, மூடி, போய்விட்டது.

"தெரிஞ்சா ஏன்டா வந்த? கழுவச் சொன்னப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அந்த வாரம் நீங்க எவ்ளோ ஹேப்பியா இருந்தீங்க. ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தீங்க. நோன்னு சொன்னா அது போயிடும்னு பயமா இருந்துச்சு. ஒரு நாள் வெயில்தானேன்னு நினைச்சேன்." பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எனக்கு உங்க மேல கோவம்லாம் இல்லப்பா. ஆனா இனிமே என்கிட்ட எதுவும் கேக்காதீங்க, ப்ளீஸ். நீங்க கேட்டா எனக்கு நோ சொல்ல வராது."

வசந்திக்கு இன்றுவரை மூன்று வாரம் என்றுதான் தெரியும். டாக்டர் சரியாகச் சொல்லவில்லை என்று அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். எதிரே நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை வாசித்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடையில் எல்லோரோடும் முன்போலத்தான் பேசுகிறேன். வீட்டில் அகிலனிடம் நானாக எதையும் கேட்பதில்லை. சாப்பிட்டாயா என்பதும் கேள்விதானே? சோற்றைப் போட்டு, மேலே தட்டால் மூடி மேசையில் வைத்துவிட்டு, நானும் வசந்தியும் எங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம். தாழ்ப்பாள் சத்தம் கேட்ட பிறகுதான் அவன் வெளியே வருவான். நாற்காலி நகர்கிற சத்தம் வரும். பிறகு கரண்டிச் சத்தம். அது நிற்கும்வரை நாங்கள் இருமக்கூட மாட்டோம்.